பெட்ரோல் வரும்வரை

கன்யதோன் பாயோவில் பதினோரு வீடுகள்,
ஒரு விடுதி, ஒரு பெட்ரோல் பம்ப்.
பம்பின் கழுத்தில் அட்டை தொங்குகிறது:
இல்லை.
என்ன இல்லை என்று எழுதவில்லை.

நான் வந்து சேர்ந்தது சைக்கிளை உருட்டிக்கொண்டு.
கடைசி பதினான்கு கிலோமீட்டர்
ஏறி உட்கார விடவில்லை மேற்குக் காற்று.
சரளைக்கல் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தது,
வரிசையில் முந்தப் பார்ப்பவன் மாதிரி.

விடுதிக்கு வெளியே
ஆட்டுமயிர் கத்தரிப்பவர்களின் பழைய பஸ்,
பல் பிடுங்கும் நாற்காலியோடு
டாக்டர் ஒஃபேலியா அந்திபானின் வேன்,
யார் யாருடையவோ கார்கள்,
ஒரு வெங்காய லாரி.
டாங்கர் செவ்வாய் வரவேண்டியது.
இன்று வெள்ளி.
ஆன்டெனாவைக் காற்று படுக்கவைத்து ஐந்து நாள்.

நேலிதா பள்ளிக்கூட நோட்டில் வரிசை எழுதுகிறாள்.
பெயர், வண்டி, எத்தனை லிட்டர்.
எனக்கு வேண்டாம் என்றேன்.
கதவிடுக்கில் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு
என்னையும் எழுதிக்கொண்டாள். ஏழாவது.
லிட்டர் என்ற இடத்தில்
ஒரு கோடு.

இரண்டு நாள்
காற்று தகரக் கூரையை எண்ணிக்கொண்டிருந்தது,
தப்பாக எண்ணி, மறுபடி முதலிலிருந்து.
ஆட்டுக்கறி வெந்தது.
ஒரே குடுவையில் மாத்தே சுற்றி வந்தது,
ஒரே குழாய், ஒன்பது வாய்.
நன்றி என்றால் போதும் என்று அர்த்தமாம்.
தெரியாமல் முதல் வாயிலேயே சொல்லிவைத்து
அடுத்த சுற்றில் விடுபட்டுப்போனேன்.
சும்மா இருக்க மாட்டாத டாக்டர்
என் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்து
'அடுத்த வருஷம் வலிக்கும்' என்றார்.
அழுகத் தொடங்கிய வாசனையைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை,
லாரிக்காரன் எலெயுத்தேரியோ உட்பட.

நினைத்தால் கிளம்பக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று
அவர்கள் பொறாமைப்பட்டார்கள்.
காற்றைப் பொருட்படுத்தாமல் போகக்கூடியவர்கள் என்று
நான் அவர்கள்மேல்.

மூன்றாம் நாள் விடியுமுன்
சத்தம் நின்றதில் விழிப்பு வந்தது.
கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.
நான் பைகளைக் கட்டி முடிப்பதற்குள்
நோட்டில் ஒரு தாளைக் கிழித்து
எல்லோரும் எண்களை எழுதியிருந்தார்கள்.
தெற்கே நூற்றிருபதில் சிக்னல் கிடைக்கும்.
இங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்.

அறுபதாவது கிலோமீட்டரில் எதிரே தூசி.
டாங்கர்.
டிரைவர் ஹாரன் அடித்துக் கட்டைவிரல் தூக்கினான்.
குவனாக்கோக் கூட்டம் வேலியைத் தாண்டி ஓடியது.
பிற்பகல் ஒவ்வொருவராக என்னைக் கடந்தார்கள்.
பஸ் ஜன்னலிலிருந்து ஒரு ரொட்டி வந்து விழுந்தது.
டாக்டர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.
இனி அவர்கள் சேதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

பெயரில்லாத ஒரு எண் மிச்சம்,
பென்சிலில், தாளின் அடியில்.

ஒரு பெண் எடுத்தாள்.
எலெயுத்தேரியோ கன்யதோன் பாயோவில் இருக்கிறார்
என்றேன், என் உடைந்த ஸ்பானிஷில்.
பின்னால் டிவி ஓடியது. பிறகு ஓடவில்லை.
'லாரி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?'

காற்றுக்கு மறைவாக அந்த லாரியில்தான்
சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தேன்.
இரண்டுக்கும் மூக்கு ஒரே பக்கம்.
தெற்கு, என்றேன்.

'அப்படியா' என்றாள்.
பிறகு என்னிடம் இல்லை, வீட்டுக்குள் யாரிடமோ:
'இன்னொரு தட்டு வை.'

சிக்னல் கம்பத்தடியில் ரொட்டியைத் தின்றபடி
இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.
தெற்கே போகிற எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்,
வேறு சாலை கிடையாது.
காற்று இப்போது வடக்கிலிருந்து எழுந்தது,
நாளைக்கு எனக்கு நல்லது.
முகத்தைத் திருப்பி மோந்து பார்த்தேன்.
புழுதி. ஆட்டு ரோமம்.
வெங்காய வாசனை இல்லை.