கடவுச்சொல்

மியூனிக்கிலிருந்து வந்த உறை தடிப்பாக இருந்தது.
நல்ல செய்தி ஒற்றைத் தாளில் வரும்.
இருபத்தாறு வருடத்தில் இந்த நாட்டைப் பற்றி
அவ்வளவாவது எனக்குத் தெரியும்.

பதினொரு பக்கம்.
மார்ச் ஒன்பது, அதிகாலை இரண்டு நாற்பத்தேழு,
பதின்மூன்றாவது விநாடி.
என் இணைப்பிலிருந்து ஒரு படம்
முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் பகிரப்பட்டதாம்.
அந்த விநாடியில் நான்
வூப்பர்டால் பாண் தொழிற்சாலையில்
சூடான தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
முழங்கை வரைக்கும் மா.

"நீங்கள் இல்லையென்று தெரியும் அம்மா,"
கவின் வாசித்துச் சொன்னான்.
"ஆனால் இணைப்பு உங்கள் பெயரில்.
நீங்கள் இல்லையென்றால் வேறு யாரென்று
நீங்கள்தான் சொல்ல வேண்டும்."
சொல்லும்போது அவன் தாளைத்தான் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.

தொள்ளாயிரத்துப் பதினைந்து யூரோ.
பத்து நாள் தவணை.

எங்கள் வீட்டில் வருகிறவர்கள்
செருப்பைக் கழற்றும் முன்னரே கடவுச்சொல் கேட்பார்கள்.
தண்ணீர் பிறகுதான்.
சின்ன அறையில் வாடகைக்கு இருக்கும் றெஜினோல்டுக்குத் தெரியும்.
டோர்ட்முண்டிலிருந்து வந்து மூன்று இரவு தங்கிய
தங்கச்சி குடும்பத்துக்குத் தெரியும்.
பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருடம்
மேல்மாடி யஸனுக்கு நானே எழுதிக் கொடுத்தேன்,
பாண் பையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில்.
கூரை வழியாக அவனுக்குக் கணக்குப் பாடம் கசிந்தது.

அந்தக் கடவுச்சொல் என் அகதிக் கோப்பின் எண்.
பிள்ளைகளின் பிறந்தநாள்கூடத் தடுமாறும்,
அது மட்டும் தடுமாறாது.
நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
என்னை உள்ளே விட ஐந்து வருடம் எடுத்த இலக்கங்களைத் தட்டி
எல்லோரும் அரை நொடியில் உள்ளே போனார்கள்.

நுகர்வோர் ஆலோசனை நிலையத்தில் கெர்ஸ்டிங் அம்மாள்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதே என்றார்.
பாவித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால்
பாரம் உன்னிடமிருந்து இறங்கும் என்றார்.
ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் தள்ளினார்.
பெயர், பிறந்த திகதி, முகவரி.

நல்ல மனுசி. அவருக்குத் தெரியாது,
இதே மூன்றையும் இதே வரிசையில்
வேறொரு மேசையில் என்னிடம் கேட்டார்கள்.
அங்கே பேனையைத் தள்ளியவன்
கண்ணாடி போடவில்லை.
இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை.
இங்கே சுவரில் நாய்க்குட்டி நாட்காட்டி,
எனக்குக் குடிக்கக் கோப்பி.
கை மட்டும் எழும்பவில்லை.

றெஜினோல்டின் வழக்கு இன்னும் முடியவில்லை.
யஸனின் தாய் தபால்பெட்டியைத் திறக்கும்போதே நடுங்குகிறவள்.
கவின்,
சரி, அதை விடுவோம்.

கெர்ஸ்டிங் அம்மாள் பேசி அறுநூற்றுக்குக் குறைத்தார்.
மாதம் ஐம்பது.

பிறகு ஒரு ஞாயிறு, நாலு யூரோ கட்டி,
முறைப்படி, அந்தப் படத்தைப் பார்த்தேன்.
ஒருவன் வங்கியைக் கொள்ளையடிக்கிறான்.
கார்கள் பாலத்திலிருந்து விழுகின்றன.
பொலிஸ் வருவதற்குள் நித்திரையாகிவிட்டேன்.
முடிவு என்னவென்று யாரிடமும் கேட்கவில்லை.
கேட்டால் யார் சொல்வார்கள் என்று
கண்டுபிடித்துவிடுவேனே.

கடவுச்சொல்லை மாற்று, நீளமாக வை,
யாரும் ஊகிக்கக் கூடாது என்றான் கவின்.
அவனே வந்து பெட்டியைத் திறந்து தந்தான்.
நாலு மாதமாகத் தவணைச் சீட்டில் எழுதி எழுதி
அந்த மியூனிக் கோப்பின் எண்ணும்
எனக்கு மனப்பாடமாகியிருந்தது.
அதையே வைத்தேன்.

அன்று பின்னேரம் யஸன் கதவைத் தட்டினான்.
உயர்ந்துவிட்டான், மீசை அரும்புகிறது.
ஒன்றும் கேட்காமல் நிலைப்படியில் நின்றான்.
நான் பாண் பையைத் தேடினேன்.
எழுதிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
"இதில் பி பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்றான்.