முக்கால் செக்கன்

சீனன்குடாப் பக்கம், மண்ணணைக்கு முன்னால்
ஏழு அட்டை மனிதர்கள்
பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்கள்,
கம்பிபோல் மெலிந்து, இல்லாதவர்கள்போல்.
கச்சான் அவர்களை ஆட்டிப் பார்க்கிறது.
காதுக்குப் பஞ்சு. மகசினில் பத்து.
என் முதுகுக்குப் பின்னால்
சார்ஜன்ட் அத்தநாயக்க, கையில் மணிக்கூடு.

"முகத்தைப் பார்க்காதே, பெனடிற்றா.
கையைப் பார்.
முகம் என்னவும் சொல்லும். சுடுறது கை."
பாதி தமிழில், மீதி சிங்களத்தில்.

ஒரு கிழமையாகக் கைகளையே பார்க்கிறேன்.
மூதூர் பஸ்ஸில் கொண்டக்டரின் விரலிடுக்கில் மடித்த தாள்கள்.
மீன்சந்தையில் சூரையின் வயிற்றைத் திறக்கிற கை.
பூசையில் கூப்பிய கைகள்;
இரண்டும் தெரிகிற கை, பிரச்சினையில்லை.
மச்சாளின் கலியாணத்தில்
மாப்பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகமில்லை.
இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

விசில்.
அட்டைகள் திரும்புகின்றன.

முதலாவது, கத்தி. இரண்டு.
இரண்டாவது, பிஸ்டல். இரண்டு.
மூன்றாவது, போன். விட்டேன்.
விட்டேன் என்று தெரிந்தது
விட்ட பிறகுதான்.

அதற்குப் பிறகு உலகம்
போத்தல் வாயளவுக்குச் சுருங்கிவிட்டது.
அதற்குள் கறுப்பாய் நீளமாய் ஒரு பொருள்,
அதைப் பிடித்த ஒரு கை.
கடல் இல்லை. காகம் இல்லை.
சார்ஜன்ட் எதையோ கத்துகிறார்,
தண்ணீருக்கு அடியில் இருந்து.

சுடு.
சுடாதே.
இரண்டுக்கும் உதடு ஒரேமாதிரித்தான் குவிகிறது.
வேண்டாம் என்பது வாலில்தான் இருக்கிறது.
சிங்களத்திலும் அப்படித்தான்:
எல்லாச் சொல்லும் ஏறி இருந்த பிறகு
'எபா' கடைசியாக ஓடிவந்து தொற்றும்.
விரல்
வசனம் முடியும்வரை நிற்பதில்லை.

"எத்தனை சுட்டாய்?"
"நாலு, சேர்."
சப்பாத்து நுனியால் வெற்றுக் கோதுகளைச் சேர்க்கிறார்.
ஏழு.
"எனக்குக் கேட்டது நாலு."
அவர் சிரிக்கவில்லை.
"கேட்காததையும் நீதான் சுட்டாய்" என்கிறார்,
மழை வரும்போல இருக்கு என்பதுபோல.

கேட்காத மூன்றும் ஐந்தாவது அட்டையில்.
பெண். கையில் மடித்த குடை.
மூன்று ஓட்டையும் ஒரு தேநீர்க் கோப்பையின்
வாய்க்குள் அடங்கும்.
வேறு அட்டையென்றால் மெச்சியிருப்பார்.
முக்கால் செக்கன், என்று எழுதுகிறார்,
பக்கத்தில் ஒரு புள்ளடி.

முந்தநாள் பாலையூற்றில்
லைற் போடுகிற நேரம்
மகன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி வந்தான்.
"கையைக் காட்டு."
அது வீட்டில் பேசுகிற குரல் இல்லை.
அவன் இரண்டு கைகளையும்
தலைக்கு மேலே தூக்கினான்.
சின்ன நண்டொன்று, ஒரு கால் இல்லாதது,
சீமெந்தில் விழுந்து
கதிரைக்குக் கீழே ஓடியது.
இரவு அவன் சோறு சாப்பிட்டான், வழமைபோல்.
நான்தான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசைப் போத்தலும்
மண்ணிறக் கடதாசிச் சதுரங்களும் தருகிறார்கள்.
சுட்டவர்தான் ஒட்டவேண்டும், இங்கே சட்டம் அது.
கிட்டப் போனேன்.
குடைக்காரியின் வயிறெல்லாம் சதுரங்கள்,
ஒன்றன்மேல் ஒன்று, தடித்து,
ஒரு சட்டை தைத்துப் போட்டதுபோல.
எண்ண வெளிக்கிட்டு
பதினெட்டில் விட்டுவிட்டேன்.
அவளுக்கு முகம் வரைந்திருக்கிறார்கள்,
இப்போதுதான் கண்டேன்.
கொஞ்சம் கோபம், மழைக்கு முந்திப்
போய்ச் சேரவேண்டிய அவசரம்.

அடுத்த ஆட்கள் கோட்டுக்கு வந்துவிட்டார்கள்.
பசை காயவில்லை.
மூன்றாவது சதுரத்தின் ஒரு மூலையைக்
கச்சான் கிளப்புகிறது.
பெருவிரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன்,
விலகு, விலகு என்று அவர்
இரண்டு பாசையிலும் கத்தும்வரை.