பெல்ட்டு குளிக்கல

சீட்டு எடுத்தது எண்பத்திரண்டாயிரம்.
வளையல் ரெண்டு பேங்குக்குப் போய்
முப்பத்தெட்டாயிரமாகத் திரும்பியது.
ஒண்ணு இருபது. அதற்கு மேல் ஒரு டீக்கும் வழியில்லை
என்று கனகுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான்
பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால்
லாட்டரிக் கடை, கள்ளுக்கடை, மறுபடி லாட்டரிக் கடை.
கேரளா வண்டி சல்லிசுதான்.
இந்தப் பக்கம் கொண்டுவர
என்ஓசி, நம்மூர் ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ்.
இருபத்தோராயிரத்தைத் தனியாக முடிந்து
இடுப்பில் செருகியிருந்தேன்.
கூட வந்த மெக்கானிக் ஷாஜகான் அண்ணனுக்கு
ஐந்நூறும் பொரோட்டாவும்.

கொழிஞ்சாம்பாறையில் முதல் வண்டி.
வெள்ளை ஆம்னி. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.
"ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி,
டாக்டர் ஓட்டின வண்டியாக்கும்"
என்றான் புரோக்கர் ஜிஜோ.
எனக்குத் தெரிந்து எந்த டாக்டரும் ஆம்னியில் வந்ததில்லை.

அண்ணன் என்ஜினைப் பார்க்கவே இல்லை.
டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.
கிணற்றுக் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது.
கடைசி ஒரு சாணில்
சேற்று நிறத்தில் ஒரு கோடு.
"வெள்ளத்துல நின்ன வண்டிம்மா.
வண்டியக் குளிப்பாட்டிட்டாங்க. பெல்ட்டு குளிக்கல."
ஜிஜோ வானத்தைப் பார்த்தான்.
அங்கே ஒன்றும் இல்லை.

சித்திரையில் அக்கா போனாள்.
நாலு பேர் வீடு ஏழு பேர் வீடானது.
எக்ஸெல் சூப்பரில் நாங்கள் நாலு பேர் போவோம்,
ஒருமுறை ஐந்து பேரும் போயிருக்கிறோம்.
ஏழு பேருக்கு அதில் இடமில்லை.
எங்கே கிளம்பினாலும்
அக்கா மூத்தவள் பூவிழி முந்திக்கொள்வாள்:
"நீங்க போய்ட்டு வாங்க சித்தி,
எனக்கு ஹோம்வொர்க் இருக்கு."
மே மாதமும் இருந்தது அவளுக்கு ஹோம்வொர்க்.

வண்ணாமடையில் ரெண்டாவது.
லிஸம்மா, சிப்ஸ் போட்டுக் கடைகடையாகக் கொடுப்பவள்.
வண்டி நீலம், வலது பக்கம் நசுங்கல்,
உள்ளே நேந்திரங்காய் வறுத்த எண்ணெய் வாசம்.
பின்சீட்டே இல்லை.
"சிப்ஸுக்கு எதுக்கு சீட்டு?"
ஷெட்டுக்குள் கூட்டிப்போய் தார்ப்பாயை விலக்கினாள்.
பத்து வருசமாக யாரும் உட்காராத சீட்டுகள்.
பாலித்தீன் உறைகூடக் கிழிக்கவில்லை.

அண்ணன் என்ஜின் மேல் உள்ளங்கை வைத்தார்.
குளிர்ந்திருந்தது.
"நாம வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா
அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்றார்.
முதல் திருகலிலேயே பிடித்தது.
பெல்ட்டை நானே இழுத்தேன். கடைசிவரை.

அப்புறம் லிஸம்மா ஒரு நோட்டு கொடுத்தாள்.
எண்ணெய் மாற்றிய தேதி, பிரேக், பேட்டரி,
எல்லாம் மலையாளத்தில்.
எழுத்து எனக்குத் தெரியாது.
எண் தெரியும்.
ஐயாயிரத்துக்கு ஒருமுறை, தவறவே இல்லை.
கடைசிப் பக்கத்தில் யார் யார் சிப்ஸ் பாக்கி என்று.

அவள் ஒண்ணு பத்து என்றாள்.
நான் தொண்ணூறு என்றேன்.
அவள் நீண்ட நேரம் வண்டியைப் பார்த்தாள்,
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
தொண்ணூற்றாறு ஐந்நூறு, ரெண்டு பாக்கெட் சிப்ஸ்.
கதவைத் தள்ளினால் திறக்காது,
கொஞ்சம் தூக்கி இழுக்கணும் என்று
கடைசியாக உண்மை சொன்னாள்.
அதற்கு விலை குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்று பிள்ளைகளுக்கும் பழைய பள்ளிக்கூடத்தில்
டி.சி. வாங்க எத்தனை நடை நடந்தேனோ
அத்தனை நடை என்ஓசிக்கும்.
இன்னும் நம்பர் மாறவில்லை.
"கேரளா வண்டியா?" என்கிறார்கள் தெருவில்.
நம்ம வண்டிதான் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆழியாறுக்குக் கிளம்பினோம்.
சாவியைத் தேடிக்கொண்டு நான் வெளியே வருவதற்குள்
பூவிழி கதவைத் தூக்கி இழுத்து
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.
"அக்கா, ஹோம்வொர்க்?" என்றான் என் சின்னவன்.
"முடிச்சாச்சு."

கதவை மூடத்தான்
ரெண்டு தடவை ஆனது.