இருபத்திரண்டு டிகிரி

ஈசூனில் நான்கு நாளாய் வெயில் இல்லை.
திடலில் கணுக்கால் தண்ணீர்,
ஓட்டப் பயிற்சி ரத்து.
தொடக்கநிலை மூன்று யாழிசை
தாழ்வார வெப்பமானியை எட்டிப் பார்த்துவிட்டு
அறிவிப்புப் பலகையில் எழுதுகிறாள்:
"இன்று 22. குளிர்காலம் வந்துவிட்டது."

அழிக்கத்தான் போனேன்.
நமக்கு அப்படியொரு பருவமே கிடையாது என்று
போன வாரம் சொன்னவள் நான்.
அவள் பற்கள் தந்தியடித்தன.
விட்டுவிட்டேன்.

மழையால் பொங்கல் உணவகத்துக்குள்.
மின்னடுப்பு வெகு சமர்த்து:
பால் விளிம்பைத் தொடுமுன்
தானே அணைந்துகொள்ளும்.
மூன்று முறை அணைந்தது.
மூன்று முறையும் நூற்றிருபது வாய்கள்
திறந்து
சத்தமின்றி மூடின.

ஒழுங்குக்குப் பொறுப்பான கோ சார்,
வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கலாம்,
விதியை மீறி
ஏதோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் வேறெங்கோ பார்த்தபோது பொங்கியது.
முதலில் கண்டவன் இர்ஃபான்.
என்ன கத்த வேண்டுமென்று
ஒரு வாரமாய்ப் பழக்கியிருந்தோம்.
அவன் கத்தியது: "கோல்!"
பிறகு அத்தனை பேரும்,
கோ சாரும்,
"கோல்!"

மழை விடவில்லை.
வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன்,
பலகையில் 22ஐ அடித்துவிட்டு
பக்கத்தில், விரல் நெய் ஒட்டிய எழுத்தில்,
23.