ஒண்ணுமில்ல

ராத்திரி காட்டெருமைகள் வந்து போயிருக்கின்றன.
இருபத்திரண்டு மீட்டர் கோட்டருகே ஏழு குழி,
கோல் கம்பத்தடியில் இரண்டு.
ஒவ்வொன்றும் ஒரு கணுக்காலைக் கொள்ளும்.
டீ பேக்டரி பாய்லர் சாம்பலை
வாளியில் சுமந்து வந்து கொட்டி
குதிகாலால் மிதிக்கிறேன்.
இருபத்தொரு நாளைக்கு இதுதான் என் ரக்பி.

கட்டபெட்டுக்காரிகளோடு ஆடிய அன்று
ஒருத்தியின் முழங்கால் என் காதுக்கு மேல் இறங்கியது.
தப்பு என்னுடையது.
"தலையை வாசல்ல வைக்காதீங்கடி, கொல்லைப்பக்கம் வைங்க"
போஜன் சார் தொண்டை கட்டும்வரை கத்துவது அதைத்தான்.
டேக்கிளில் ஓடுகிறவளுக்குப் பின்னால் இருக்கணும் தலை.
நான் வாசலில் வைத்தேன்.

எழுந்தேன். கேட்டார்கள்.
ஒண்ணுமில்ல என்றேன்.
மறுபடி கேட்டார்கள். ஒண்ணுமில்ல.
மூன்றாம் முறை கேட்க ஆளில்லை,
நானே சொல்லிக்கொண்டேன்.

அதன்பின் எட்டு நிமிடம் ஆடியிருக்கிறேன்.
ஒரு ட்ரை கூடப் போட்டேனாம்.
ஷர்மிளியின் போனில் இருக்கிறது:
என் சட்டையை மாட்டிக்கொண்டு
ஒருத்தி ஓடுகிறாள்,
பந்தை நெஞ்சோடு அணைத்துப் புல்லில் சரிகிறாள்,
எல்லாரும் அவள்மேல் விழுந்து கும்மாளம்.
அவளை எனக்குத் தெரியாது.

அன்றிரவு ட்யூப்லைட் கண்ணில் ஊசி ஏற்றியது.
சீப்புக்கு என்ன பேர் என்று அம்மாவிடம் கேட்டேன்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்களை
என் தலைமுடிக்குள் விட்டுத் துழாவினாள்.
"ரத்தமே வரலையேடி."
அதுதான் அம்மா, இதில் மோசம்.

நர்ஸ் சகாயராணி பஞ்சு வைக்கவில்லை, கட்டுப் போடவில்லை.
நாள் எழுதிக் கொடுத்தார்.
முதலில் சும்மா இரு. பிறகு நட. பிறகு ஓடு.
பந்து அப்புறம்,
ஆள்மேல் மோதுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.
நடுவில் தலை வலித்தால் ஒரு படி இறங்கு.
பரமபதம் மாதிரி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை குன்னூர் டீம் வந்தது,
கூடவே மூடுபனி.
எதிர்க்கம்பம் கரைந்துபோய்
மோதல்கள் முதலில் காதுக்குத்தான் வந்தன:
தோளில் தோள், கொழுந்து மூட்டையை இறக்கும் சத்தம்.
அப்புறம் ஒரு சத்தம் வேறு மாதிரி.
பனி விலகியபோது பெனிட்டா எழுந்து நின்றிருந்தாள்.
சாக்ஸை இழுத்துவிட்டாள். மண்ணைத் தட்டினாள்.
எல்லாம் சரி.
பிறகு
குன்னூர்க்காரிகளின் வரிசையில் போய் நின்றாள்.

யாரும் பார்க்கவில்லை.
கோட்டைத் தாண்டி ஓடினேன்,
விசில், நடுவரின் கை, போஜன் சாரின் கத்தல்.
"ஒண்ணுமில்ல, போடி."
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
போனில் ஓடினாளே, அவளுடையது.
"இன்னிக்கு சத்துணவுல என்னடி போட்டாங்க?"
"முட்டை."
சனிக்கிழமை.
இன்று பள்ளிக்கூடமே இல்லை.

வெளியே அனுப்பினார்கள்.
பதிலுக்கு இறங்க ஆளில்லை, நான் கணக்கில் வரமாட்டேன்.
ஆறு பேரோடு ஆடித் தோற்றோம்.
மாவட்டத் தேர்வுக்கு ஆள் பார்க்க வந்தவர்
அவள் பேருக்கு நேரே எழுத ஆரம்பித்ததை
பாதியில் நிறுத்திப் பேனாவை மூடினார்.
பெனிட்டா அதையும் பார்த்தாள்.
அரவேணு பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி.
அவள் கடைசி வரிசைக்குப் போனாள்.

எனக்கு இன்று பதினேழாம் நாள், அவளுக்கு ஐந்து.
எருமைகள் மறுபடி வந்திருக்கின்றன.
வேலியோரமாக நடந்து வந்தாள்,
கையில் பாதி வாளி.
பேச்சு இல்லை.
ஒரு குழியில் கவிழ்த்துவிட்டு விலகி நின்றாள்.
மிதித்துப் பார்த்தேன்,
கால் உள்ளே போனது.

இன்னும் கொஞ்சம், என்றேன்.