வெருலம், இரண்டாம் கோர்ட்

"அன்று என்ன நடந்தது? சுருக்கமாக."
வக்கீலின் இங்கிலீஷில் வினை முந்திக்கொள்ளும்:
வாக்ட் அவுட் பிகாஸ் ஆஃப்,
புரோக் டவுன் ட்யூ டு.
நம்மிடம் காரணம்தான் முதலில் படியேறும்;
வினை மூச்சிரைக்கக் கடைசியில் வரும்.

சவுந்தலை சொன்னாள்:
"மில்லுல போனஸ் இல்லைன்னு
அந்தச் சனிக்கிழமை
சூடா இருந்த இஸ்திரிப்பெட்டிய
அவன் எடுத்ததால..."

நின்றுவிட்டாள்.
வெளியே கரும்பு லாரி ஒன்று கியர் மாற்றியது.

மொழிபெயர்ப்பாளன் நான்,
சில்லறை குறையாமல் மாற்றித் தர வேண்டியவன்.
வினையே வராமல்
இந்த 'ஆல'வை எங்கே வைப்பேன்?
அவுட்டா, ஆஃபா, டவுனா, அவேயா?
நாலும் நாக்கடியில் நிற்கின்றன.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் தட்டுகிறார்:
"பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா?"

அவள் இடது கைச் சட்டையை
மணிக்கட்டு வரை
இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.