கணியம்பாடியிலிருந்து அமிர்திக்கு

யாரும் போடாத பாதை அது.
பழைய கதவொன்றைப் படுக்கவைத்து
நான்தான் போட்டேன்.
கணியம்பாடியில் பிரிந்து
தாழ்ப்பாள் ஓட்டையைச் சுற்றி வளைந்து
அமிர்திக் காட்டோரம் முடிகிறது.
மொத்தம் ஆறடி.
எண்பத்தேழால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் ரயில் விட்டுக் கட்டுப்படியாகாது.
நாளைக்கு நாற்பது மூட்டை சாமை,
கொஞ்சம் பலா, சந்தைக்குப் போகும் நாலு பேர்.
ஒரு லாரியின் டயரைக் கழற்றித்
தண்டவாளத்தில் ஏற்றினால் போதுமென்று
இல்லாத கம்பெனியின் இல்லாத மேனேஜர்
முடிவெடுத்தார்.
கையெழுத்து என்னுடையது.

பகலில் பல் கட்டுகிறேன்,
தோட்டப்பாளையத்தில், மாடியில், ஒரு லேப்.
ஆகவே லாரிக்கு உடம்பு பல்செட் அக்ரிலிக்.
மூக்கு, மட்கார்டு, டிரைவர் அறை
எல்லாம் ஈறு நிறத்தில்
வெந்நீரிலிருந்து வெந்து வந்தன.
அச்சுக்கு டோவல் பின்.
ரேடியேட்டரை மெழுகில் கீறி
கிரவுனுக்கு ஊற்றும் உலோகத்தில் வார்த்தேன்.
பதினொரு கம்பியில் ஒன்று ஓடவில்லை,
பத்தோடு விட்டுவிட்டேன்.
செத்த செல்போனுக்குள்
சும்மா அதிர்ந்துகொண்டிருந்தது மோட்டார்.
சக்கரங்கள், தேவசித்தத்தின் மழைக்கோட்டு டிச் பட்டன்கள்.
அவருக்கு அது ஐப்பசியில்தான் தெரிந்தது.

இருக்கைக்கு, ஆம்பூரில் தோல் சீவும் வாஜிதா
தாளில் மடித்துக் கொடுத்த சீவல்.
தார்ப்பாயை இழுத்துக் கட்ட
என் தலையிலிருந்து ஒரு நரைமுடி.
அந்த ஊர்க் கணக்கில் ஏழு மில்லிமீட்டர் கயிறு.
மாடே கட்டலாம்.

பச்சை அடித்தேன், இரண்டு கோட்டு.

தாழ்ப்பாள் வளைவில் கவிழ்ந்தது.
தூக்கி வைத்தேன்.
கவிழ்ந்தது.
எடை போதவில்லையென்று உள்ளே ஈயம் வைத்தேன்.
இன்னும் கம்பீரமாகக் கவிழ்ந்தது.
பச்சை பெயர்ந்த முனையில்
ஈறு தெரிந்தது.

நாலு ராத்திரி.
இடைவெளியை அளந்தேன்:
பன்னிரண்டு மில்லி, பன்னிரண்டு, பன்னிரண்டு.
"பேசாம நேராப் போட்டுடேன்" என்றார் தேவசித்தம்.
மலைக்கு நேராகப் போக
அவருக்கு எந்த மலை வழிவிட்டதோ.

ஐந்தாம் நாள்
வங்காளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த
யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசை என் மேஜையில்.
பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே நீலத்தாளைக் கொடுத்து
கடிக்கவைத்தேன்.
உயரமான பல்லில் மட்டும் நீலம் ஒட்டும், தெரியுமல்லவா,
அதை மட்டும் தேய்த்தால் போதும்.
கை அப்படியே நின்றது.

ராத்திரி, வளைவின்மேல் அதே நீலத்தாள்.
லாரியை விரலால் தள்ளினேன்.
மெதுவா.
கடி.
இன்னொரு தரம் கடி.
மூன்றாவது இணைப்பில், உள்தண்டவாளத்தின் தலையில்
ஒரு புள்ளி. கடுகுகூட இல்லை,
கடுகின் தோல்.

நாலு நாளாக லாரியைத் திட்டியிருக்கிறேன்.
மன்னிப்புக் கேட்கலாமென்றால்
உள்ளே டிரைவரே வைக்கவில்லை.

பர்ரை இரண்டு நொடி காட்டினேன்.
பித்தளைத்தூள் வழக்கம்போல் நாக்கில்.

ஓடியது.
நாகநதியைத் தாண்டி (மணல்தான்),
டைஸ்டோன் மலையைச் சுற்றி,
வளைவில் ஒருமுறை யோசித்து,
பிறகு யோசிக்காமல்,
சாமை மூட்டை சிந்தாமல்
அமிர்தியில் போய் நின்றது.
அந்நேரம் பார்த்து காட்பாடிப் பக்கம்
நிஜ வண்டி ஒன்று ஊத,
இது எனக்கில்லை என்று தெரிந்தும்
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, எப்படித் திரும்பும்?"
கையில் காபியோடு தேவசித்தம்.

திரும்புவதை நான் யோசிக்கவே இல்லை.

"ஸ்விட்சை மாத்திப் போடு, பின்னாலயே வரட்டும்."
ஆறடியும் பின்பக்கமாகவா?
நாலு பேர் சந்தைக்குப் போகும் வண்டி.
மானம் போய்விடும்.

கீழே ஒரு வட்டத்தட்டு வேண்டும்,
லாரியோடு சுழல.
குறுக்களவு எழுபது மில்லி.
நாளைக் காலை பெரியவரின் பற்கள்
டப்பாவில் போகும்.
மூடிக்குப் பதில்
ரப்பர் பேண்டு.